கேள்வி–பதில்: கையைக் குத்தும் கிட்டார் பிரிட்ஜ்

கேள்வி: என்னிடம் இருப்பது டெலிகாஸ்டர் வகை எலெக்ட்ரிக் கிட்டார். பிரிட்ஜின் (கிட்டார் உடலில் தந்திகளைத் தாங்கும் உலோகப் பகுதி) மேல் கையை ஊன்றிப் பாம் மியூட் செய்து (உள்ளங்கை விளிம்பால் தந்திகளை லேசாக அமுக்கி ஒலியை மட்டுப்படுத்தி) சிறிது நேரம் வாசித்தாலே உள்ளங்கை விளிம்பு சிவந்து எரிகிறது. டிரெமலோ பிரிட்ஜ் (நெம்புகோலால் அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் பிரிட்ஜ்) உள்ள கிட்டாருக்கு மாறிவிடலாமா?

பதில்: மாற வேண்டாம். கையை ஊன்றி வாசிப்பவருக்கு நிலையான பிரிட்ஜே ஏற்றது. ஸ்பிரிங்குகளின் இழுப்பில் மிதக்கும் டிரெமலோ பிரிட்ஜில் கை சற்று அழுந்தினாலே சுருதி விலகிவிடும். உங்கள் பிரிட்ஜைப் போல மரத்தோடு திருகி இறுக்கப்பட்ட தகட்டில் அந்தக் கவலை இல்லை.

முதலில் சந்தேகிக்க வேண்டியது, சேடில்களை (பிரிட்ஜில் தந்திகள் பதிந்திருக்கும் சிறு தாங்கிகள்) ஏற்றி இறக்கும் குட்டித் திருகுகளை. அவற்றின் அடிமுனை தகட்டின் மேல் நிற்பதால், தந்திகளைத் தாழ்த்துவதற்காகச் சேடிலை இறக்க இறக்க, மேல்முனை வெளியே துருத்திக்கொண்டு வரும். விரற்பலகை நடுவில் மேடாகவும் ஓரங்களில் தாழ்வாகவும் வளைந்திருப்பதால், இந்தத் துருத்தல் முதல் தந்தியிலும் ஆறாவது தந்தியிலும்தான் அதிகம். கையின் பாரம் இறங்குவதோ பெரும்பாலும் ஆறாவது தந்திப் பக்கம். விரலால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். நீட்டிக்கொண்டிருந்தால், அதே மரை கொண்ட நீளம் குறைந்த திருகுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தயாரிப்புகளில் அங்குல மரையும் ஆசியத் தயாரிப்புகள் பலவற்றில் மெட்ரிக் மரையும் இருப்பதால், ஒன்றைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது நல்லது; பொருந்தாததை வலிந்து முறுக்கினால் சேடிலின் மரை கெட்டுவிடும்.

திருகில் குறையில்லை என்றால், அடுத்தது தகட்டின் பக்கச் சுவர்கள். ஃபெண்டர் நிறுவனம் 1950-இல் இந்த வகைக் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, பிரிட்ஜின் மேல் பளபளப்பான உலோக மூடி ஒன்றும் வந்தது. அது இருக்கும் வரை கை சுவரைத் தொட வழியே இல்லை. தந்தியை அமுக்கி வாசிக்க அது இடைஞ்சல் என்று பலரும் கழற்றி வைத்துவிட, விளிம்பு கைக்கு நேராக வந்துவிட்டது. சுவர் வெட்டித் தாழ்த்தப்பட்ட தகடுகளும், சுவரே இல்லாத தட்டைத் தகடுகளும் இப்போது கிடைக்கின்றன. வாங்கும் முன் திருகுத் துளைகளின் இடத்தையும் தந்திகளுக்கு இடையிலான அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

வேறு வகை பிரிட்ஜைப் பொருத்தலாமே என்று தோன்றலாம். கிப்ஸன் நிறுவனம் 1954-இல் லெஸ் பால் கஸ்டம் கிட்டாரில் பொருத்திய டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜில் உயரத்தை இரு முனைத் தூண்களே தீர்மானிப்பதால், சேடில்தோறும் குத்தும் திருகு கிடையாது. ஆனால் அது மரத்திலிருந்து நன்கு உயர்ந்து நிற்பது. அதற்கேற்பக் கழுத்தும் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். உங்கள் கிட்டாரில் அதைப் பொருத்தும் எண்ணம் வேண்டாம்.

கேள்வி: மூன்று பித்தளைச் சேடில்களில் சுருதி முழுமையாகச் சேரவில்லை. ஆறு சேடில் பிரிட்ஜ் போடலாமா?

பதில்: ஒரு சேடில் இரண்டு தந்திகளைத் தாங்குகிறது, தடிமன் வேறுபடும் இரண்டுக்கும் ஒரே தந்தி நீளம் பொருந்தாது என்பதே காரணம். ஆறு சேடில்கள் அதைத் தீர்க்கும். ஆயினும் ஆறாக இருந்த உயரத் திருகுகள் பன்னிரண்டாகும் என்பதால், உள்ளங்கை மென்மையானவருக்கு நான் பரிந்துரைப்பது, இரு தந்திகளுக்கும் ஏற்பச் சாய்த்துக் கடைந்த மூன்று சேடில்களையே.