மேற்கு வரப்பிலிருந்து வந்த சாரல்

கேள்வி: உடுமலைப்பேட்டைப் பக்கம் அரை ஏக்கரில் தக்காளி நட்டு 35 நாள் ஆகிறது. மேற்குத் தோட்டத்துக்காரர் மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடித்தார். நான்காம் நாளில் என் செடிகளின் தண்டு முறுக்கிக்கொண்டது, கொழுந்து இலைகள் நாடாபோலக் குறுகிவிட்டன. அவரிடம் கேட்டால், "அது வைரஸ் நோய்" என்கிறார். உரக்கடையிலும் வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். அடிக்கலாமா?

பதில்: அந்த மருந்துப் புட்டியைத் திறக்காதீர்கள் அம்மா. நீங்கள் சொல்வது 2,4-டி களைக்கொல்லியின் சாரல் பட்ட அடையாளம் போலத்தான் இருக்கிறது. இது அகன்ற இலைச் செடிகளை மட்டும் தாறுமாறாக வளரவைத்துக் கொல்லும். மக்காச்சோளம் புல் இனம் என்பதால் தாங்கிக்கொள்கிறது. தக்காளி, பருத்தி, வெண்டை, திராட்சை ஆகியவற்றுக்கோ காற்றில் வரும் துளியே போதும்.

ஆனால் பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி பரப்பும் ஒரு வைரஸும் இலையை இதேபோல நாடாவாக்கும். எனவே இலையைப் பார்த்து முடிவுகட்டாமல் வயலைப் பாருங்கள். வைரஸ் என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கி நாளுக்கு நாள் பரவும். சாரல் என்றால் பட்ட செடியெல்லாம் ஒரே சமயத்தில் முறுக்கியிருக்கும். மேற்கு வரப்பில் கடுமையாகவும், கிழக்கே போகப் போகக் குறைந்தும் தெரியும். பம்புசெட் அறை காற்றை மறைக்கும் இடத்தில் நாலு செடி மட்டும் நன்றாக நிற்கும். வரப்புக் களையையும் குனிந்து பாருங்கள்: பார்த்தீனியத்தின் நுனி வளைந்து, பக்கத்திலேயே அருகம்புல் பச்சையாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

வயல் முழுக்க ஒரே அளவு பாதிப்பா? அப்படியானால் உங்கள் தெளிப்பானை ஒருமுறை யோசியுங்கள். களைக்கொல்லி அடித்த தெளிப்பானை வாடகைக்கோ இரவலாகவோ வாங்கி, வெறும் தண்ணீரில் அலசி, தக்காளிக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு அடுத்த வீட்டாரோடு சண்டைக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வதே நல்லது.

முறிவு மருந்து எதுவும் கிடையாது. தண்டு வெடித்து, கொழுந்து கருகிய செடிகளைப் பிடுங்கிவிடுங்கள். லேசாக முறுக்கியவற்றுக்கு அளவாகத் தண்ணீர் விட்டுக் காத்திருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வரும் புதுக் கொழுந்து ஒழுங்காக இருந்தால் செடி பிழைத்துவிட்டது. அப்போது தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தைப் பத்து லிட்டருக்கு 50 கிராம் கலந்து தெளிக்கலாம். சாரல் பட்டபோது செடியில் இருந்த பிஞ்சுகளைக் கிள்ளிப் போடுங்கள், சந்தைக்கு அனுப்ப வேண்டாம்.

இனி அவர் விஷயம். வரப்பில் நின்று சத்தம் போட்டால் அவர் வைரஸையே கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். காலையில் கூப்பிட்டு, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு சால் கூடவே நடத்திக் காட்டுங்கள். அதற்கு முன்பே தேதி தெரியும்படி படங்கள் எடுத்து, வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்துப் பார்வையிடச் சொல்லுங்கள். நஷ்ட ஈடு கேட்கும் நிலை வந்தால் அந்தப் பார்வைக் குறிப்புதான் கைகொடுக்கும். புதுக் கொழுந்து வந்த பிறகு போய்ப் பயனில்லை.

அவரிடம் கேட்க வேண்டியவை இவ்வளவுதான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் பக்கம் வீசும் ஆனி, ஆடியில், காற்று கிளம்பிய பின் அடிக்கக் கூடாது. 2,4-டியில் எஸ்டர் வகையை விட்டுவிட்டு அமைன் அல்லது சோடியம் உப்பு வகையை வாங்க வேண்டும். எஸ்டர் வெயிலில் ஆவியாகி, அடித்து முடித்த பிறகும் நகர்ந்து வரும். துளி பெரிதாக விழும் நாசிலை (தெளிப்பு முனையை) தாழ்வாகப் பிடிக்க வேண்டும். வரப்பை ஒட்டிய நாலு வரிசையைக் கைக்களையாக எடுத்தால் இன்னும் நல்லது. கூலியில் பாதி தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பொது வாய்க்காலில் தெளிப்பானைக் கழுவுகிறாரா என்றும் கவனியுங்கள்.

அடுத்த நடவுக்கு இருபது நாள் முன்பே மேற்கு ஓரத்தில் மூன்று வரிசை சோளமோ மக்காச்சோளமோ நெருக்கமாக விதைத்துவிடுங்கள். சாரலில் ஒரு பங்கைத் தடுக்கும், வெள்ளை ஈயையும் ஓரளவு மறிக்கும். விதையை அவரிடமே கேட்டு வாங்கலாம்.