‘உன்னைத் தூண்டிவிட்டது யார்?’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்களுடையது கடற்கரை ஊர். அப்பா கடலுக்குப் போகிறவர். எங்கள் லேப் இருக்கும் கட்டிடத்தில் பெண்கள் கழிப்பறைக்கு மாதக்கணக்கில் தண்ணீர் வரவில்லை. வகுப்பில் பேசி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, முதல்வரிடம் மனு கொடுத்தேன். அடுத்த வாரமே தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் என்னைக் கூப்பிட்டு, “உன்னைத் தூண்டிவிட்டது யார்? எந்தக் கட்சி?” என்று கேட்டார்கள். அப்பாவையும் வரச் சொன்னார்கள். அப்பா அங்கே ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, “மக்ளே, ஒன்னெ படிக்கத்தானே அனுப்புனேன், இதெல்லாம் நமக்கு எதுக்கு?” என்றார்.

எங்கள் கல்லூரியில் மாணவர் பேரவைத் தலைவரை நிர்வாகமே நியமிக்கிறது. என்னோடு பள்ளியில் படித்தவள் திருவனந்தபுரத்தில் சேர்ந்து, அங்கே யூனியன் தேர்தலில் நின்றாள். இப்போது ஒரு கட்சியின் மாணவர் அணியிலிருந்து என்னையும் சேரச் சொல்லிக் கேட்கிறார்கள். நான் செய்தது தவறா? அரசியல் எல்லாம் படித்து முடித்த பிறகுதானா? அந்த அமைப்பில் சேரலாமா?

(பெயரும் கல்லூரியும் வேண்டாம் என்று கேட்டிருந்ததால் நீக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள மகளுக்கு,

நீ செய்தது தவறே இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன் கடிதம் முழுக்க அந்த ஒரு சந்தேகம்தான் இருக்கிறது. தண்ணீர் இல்லை என்பது உண்மை. கேட்டதும் வந்தது என்பதும் உண்மை. அப்புறம் எதற்கு “பின்னால் யார்” என்ற கேள்வி? ஒரு மாணவி தானாகவே யோசித்து, நாலு பேரைச் சேர்த்து, முறையாக மனு எழுதுவாள் என்று அந்த அறையில் இருந்தவர்களால் நம்ப முடியவில்லை. மூன்று ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தவர்களுக்கே நம்பிக்கை வரவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது.

உன் அப்பாவின் பயத்தை நான் லேசாக எடுக்க மாட்டேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்தப் பயத்துக்குக் காரணங்கள் இருக்கின்றன. இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே வெடித்த 1982 மண்டைக்காடு கலவரத்தைக் கண்ணால் பார்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. கூட்டம், கோஷம், கொடி என்றாலே அவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். இந்தப் பக்கம் கடற்கரை ஊர், அந்தப் பக்கம் உள்நாட்டு ஊர், நடுவில் ஒரு கல்லூரி. அங்கே தேர்தல் வந்தால் சாதியும் மதமும்தான் ஓட்டுப் போடும் என்று பெற்றோர் மட்டுமல்ல, நல்ல ஆசிரியர்கள்கூடச் சொல்வார்கள்.

எல்லையிலிருக்கும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்துச் செய்திகளும் அவர்களுக்குத் தெரியும். 2018 ஜூலையில் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் அபிமன்யு என்ற மாணவன் குத்திக் கொல்லப்பட்டான். இடுக்கி வட்டவடையிலிருந்து வந்த ஏழை வீட்டுப் பையன். சுவரில் யார் எழுதுவது என்பதில் தொடங்கிய தகராறு அது. ஒரு சுவருக்காக ஒரு பிள்ளை போய்விட்டான் என்றால், எந்த அப்பாவுக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். அந்தப் பக்கம் எல்லாம் சரியாக நடக்கிறது, நாம்தான் பின்தங்கிவிட்டோம் என்று சொல்ல நான் தயாராக இல்லை.

ஆனாலும் உன் தோழி அங்கே கற்றுக்கொள்ளும் ஒன்று இங்கே உனக்குக் கிடைக்கவில்லை. அங்கே சேர்மன், பொதுச் செயலாளர், மாகசின் எடிட்டர், பல்கலைக்கழக யூனியன் கவுன்சிலர் என்று ஒவ்வொரு பொறுப்புக்கும் ஓட்டுக் கேட்டுப் போக வேண்டும். வகுப்பு வகுப்பாக ஏறி, தன்னைப் பிடிக்காதவர்கள் முன்னாலும் நின்று பேச வேண்டும். ஜெயித்த பிறகு “நீ சொன்னது என்ன ஆச்சு?” என்று கேன்டீனில் வைத்து யாராவது கேட்பார்கள். நியமிக்கப்பட்ட தலைவரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. கேட்கத் தோன்றாது. அவர் பதில் சொல்ல வேண்டியது தன்னை நியமித்தவருக்குத்தான். ஆண்டு விழாவில் வரவேற்புரை வாசிப்பார், விருந்தினருக்குச் சால்வை எடுத்துக் கொடுப்பார். அந்தப் பிள்ளையைக் குறை சொல்லவில்லை. அந்தப் பதவி அவருக்கு வைத்திருக்கும் வேலையே அவ்வளவுதான்.

தலைமை என்று நான் நினைப்பது இதைத்தான்: அனுப்பியவர்களிடம் திரும்பிப் போய், நடந்ததைச் சொல்ல வேண்டிய கட்டாயம். மேடைப் பேச்சு, துணிச்சல், ஆங்கிலம் எல்லாம் அப்புறம். தண்ணீர் வந்த அன்று நீ கையெழுத்துப் போட்டவர்களிடம் போய்ச் சொன்னாயா? முதல்வர் அறையில் உன்னிடம் என்ன கேட்டார்கள் என்பதையும் சொன்னாயா? கடிதத்தில் அது இல்லை. சொல்லவில்லை என்றால் இப்போதும் சொல்லலாம். நீ தனியாக மாட்டிக்கொண்டது போல உணர்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கையெழுத்து எல்லோருடையது. விசாரணையை மட்டும் நீ ஒருத்தி சுமக்கிறாய்.

சாதி, மதம் ஓட்டுப் போடும் என்ற வாதத்துக்கு வருகிறேன். ஆமாம், போடும். முதல் தேர்தலில் நிச்சயம் போடும். தேர்தல் இல்லாதபோது மட்டும் அந்தப் பிரிவு இல்லாமல் போய்விட்டதா? யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று உன் வகுப்பிலேயே பார். ஒரு கூட்டத்தின் ஓட்டு மட்டும் போதாது என்று வரும்போதுதான், கடற்கரைப் பெண் தக்கலைப் பையனிடம் போய் அவனுடைய பிரச்சினை என்ன என்று கேட்க வேண்டிவருகிறது. அவனுடைய கடைசி பஸ், அவனுடைய அரியர் பேப்பர், அவனுடைய ஸ்காலர்ஷிப். கேட்டே ஆக வேண்டும் என்ற தேவையை உண்டாக்குவது ஓட்டு ஒன்றுதான். நல்லிணக்க விழாக்கள் அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

வன்முறையைக் கட்டுப்படுத்த வழி யோசிக்காமல் இல்லை. கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் அங்கிருக்கும் கல்லூரி முதல்வர்கள் அமைப்புக்கும் இடையே நடந்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2005-ல், மாணவர் தேர்தலை எப்படி நடத்துவது என்று பரிந்துரைக்க லிங்டோ குழுவை அமைக்கச் செய்தது. 2006 செப்டம்பரில் அதன் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது. அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியது மட்டும், அதுவும் ஒதுக்கிய இடத்தில் மட்டும். 75 சதவீத வருகைப் பதிவு வேண்டும். முழுத் தேர்தலும் 10 நாளுக்குள் முடிய வேண்டும். கட்சிகளிலிருந்து விலகி நடக்க வேண்டும். சூழல் சரியில்லாத இடங்களில் நியமன முறை இருக்கலாம் என்றும் அக்குழு சொல்கிறது. ஆனால் அதை ஓர் இடைக்கால ஏற்பாடாகத்தான் பார்க்கிறது, மதிப்பெண்ணை மட்டும் வைத்து நியமிப்பதையும் ஏற்கவில்லை. தமிழ்நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளில் அந்த இடைக்காலம் முடிந்தபாடில்லை.

இங்கேயும் ஒரு காலத்தில் சேர்மன் எலெக்‌ஷன் சாதாரணமாக நடந்ததுதான். 1965 மொழிப் போராட்டத்தை நடத்தியவர்கள் மாணவர்கள். சிதம்பரத்தில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ராஜேந்திரன் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர். இரண்டே ஆண்டில், 1967-ல், விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தவர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். அந்தத் தோல்விக்குப் பிறகு காமராஜர் மக்களவைக்குப் போனது நம் நாகர்கோவிலிலிருந்து. அங்கே எம்.பி.யாக இருந்த மார்ஷல் நேசமணி இறந்ததால் வந்த 1969 இடைத்தேர்தலில். மாணவர் சக்திக்குச் சான்றாக இந்தக் கதையைப் பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. ஆட்சியையே அசைத்த அந்தத் தலைமுறையிலிருந்து வந்தவர்கள் அமைச்சர்களாகவும் கல்வித் தந்தைகளாகவும் ஆன பிறகுதான், அடுத்த தலைமுறை மாணவர்களுக்கு அந்தக் கதவு மெல்ல மெல்ல மூடியது. தாங்கள் ஏறி வந்த ஏணியைப் பிள்ளைகளுக்கு ஆபத்தானது என்று எடுத்துவிட்டார்கள். இது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

18 வயதில் ஓட்டுரிமை 1989-லேயே வந்துவிட்டது. 21 வயதில் நீ ஊராட்சித் தேர்தலில் நிற்கலாம், 25-ல் சட்டமன்றத்துக்குப் போகலாம். உன் கல்லூரி விடுதி உணவுக் குழுவுக்கு மட்டும் யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது என்றால் எப்படிச் சரியாகும்? ஒக்கி புயலுக்குப் பிறகு, 2017 டிசம்பரில், காணாமல் போன மீனவர்களைத் தேடச் சொல்லி, குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தது உன் கடற்கரை மக்கள். அன்று உனக்குச் சின்ன வயது. உன் அப்பா அதில் இருந்தாரா என்று கேள். இருந்திருந்தால், கேட்காமல் எதுவும் வராது என்பதை நான் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாணவர் அமைப்பில் சேர்வது பற்றி. சேர்வது உன் உரிமை. சங்கம் அமைக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19-வது பிரிவு தருகிறது. ஆனால் அவசரப்படாதே. அவர்களுடைய கூட்டங்களுக்கு இரண்டு மூன்று முறை போய் உட்கார். மேலிடத்துக்குப் பிடிக்காத கேள்வியை அங்கே ஒரு மாணவர் கேட்டால் என்ன நடக்கிறது என்று பார். பெண்கள் பேசும்போது யார் கவனிக்கிறார்கள் என்று பார். நீ சேர்ந்தாலும் உன் வகுப்பு அந்தக் கட்சியில் சேரவில்லை என்பது நினைவிருக்க வேண்டும். தண்ணீருக்காக உன்னை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்களை எந்த ஊர்வலத்துக்கும் கூட்டிக்கொண்டு போகாதே.

அதைவிட உடனடியாகச் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள் குழு ஒன்று எல்லாக் கல்லூரியிலும் இருக்க வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட விஷயங்களில் அதில் 3 மாணவர்கள் உறுப்பினராக இருக்க வேண்டும், அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2015 விதிமுறை சொல்கிறது. நியமனம் என்று சொல்லவில்லை. தேர்தலே வேண்டாம் என்று நினைக்கும் கல்லூரியையும் இந்த விதி கட்டுப்படுத்தும். உங்கள் கல்லூரியில் அந்த மாணவர்கள் யார், எப்போது, எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்று மரியாதையாக, எழுத்தில், முதல்வரிடம் கேள். இந்த முறை மனுவை நீ ஒருத்தி கொண்டுபோக வேண்டாம்; வகுப்புக்கு ஒருவராகச் சேர்ந்து போங்கள், நகல் ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் “யார் தூண்டியது” என்று கேட்டால், விதிமுறையின் பிரதியைக் காட்டலாம். என் பெயரையும் தாராளமாகச் சொல்லலாம்.

அப்பாவிடம் இந்தப் பதிலை வாசித்துக் காட்டு. அவருக்குக் கேட்க ஏதாவது இருந்தால் எனக்கு எழுதச் சொல், அல்லது அவர் சொல்லச் சொல்ல நீ எழுது. பதில் போடுகிறேன்.

அன்புடன்.