ஒர்டேகாவைக் கெடுத்தது எது?

அன்புள்ள ஐயா,

மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவில் சர்வாதிகாரி சொமோசாவை விரட்டிய புரட்சிக்காரர் டேனியல் ஒர்டேகா. இன்று மனைவியை ‘இணை அதிபர்’ ஆக்கி வைத்துக்கொண்டு அவரே சர்வாதிகாரியாக ஆள்கிறார். கல்லூரிக் காலத்தில் அவரைக் கொண்டாடியவன் நான். பதவிக்கு வந்தால் எல்லாரும் இப்படித்தான் ஆகிவிடுவார்களா?

க.

அன்புள்ள க.,

பதவி அவரைக் கெடுத்தது என்று எனக்குத் தோன்றவில்லை. பதவி போனதுதான் கெடுத்தது.

1979இல் புரட்சி வென்றது. 1984 தேர்தலில் ஜெயித்து அதிபரானார். அமெரிக்கா ஆதரித்த கான்ட்ரா கிளர்ச்சியாளர்களோடு போர், அமெரிக்கத் தடை, கட்டாய ராணுவச் சேவை, விலைவாசி எல்லாம் சேர்ந்து 1990இல் அவரை வீழ்த்தின. வயலெட்டா சமோரோவிடம் தோற்றார், ஒப்புக்கொண்டு இறங்கினார். துப்பாக்கியோடு வந்தவர்கள் வாக்குச்சீட்டுக்குக் கட்டுப்பட்டது லேசான விஷயமில்லை. (போகிற போக்கில் அரசு வீடுகளையும் நிலங்களையும் கட்சிக்காரர்கள் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டது தனிக்கதை.)

1996, 2001 என்று மேலும் இரண்டு தோல்விகள். இதற்கிடையில்தான் ஆள் மாறினார். ஊழலில் நாறிய வலதுசாரி அதிபர் அலெமானோடு கைகோத்துத் தேர்தல் சட்டத்தைத் திருத்தினார். முதல் சுற்றிலேயே ஜெயிக்க 45 சதவீதம் வேண்டும் என்றிருந்தது. இனி 40 போதும். அடுத்தவரைவிட ஐந்து புள்ளி கூடுதல் என்றால் 35கூடப் போதும். பழைய பகையாளியான கத்தோலிக்கத் திருச்சபையின் கர்தினால் ஒபாண்டோவே 2005இல் அவருக்குத் திருமணம் செய்துவைத்தார். மறு ஆண்டு, தேர்தலுக்குச் சில நாள் முன்பு, கருக்கலைப்பை முற்றாகத் தடை செய்ய அவர் கட்சி வாக்களித்தது. அந்தத் தேர்தலில் அவருக்கு விழுந்தது 38 சதவீதம்தான். சட்டம் மாறியிருந்ததால் இரண்டாம் சுற்று இல்லாமலே அதிபர்!

அப்புறம் தோற்பதற்கான வழியையே அடைத்துவிட்டார். 2014இல் பதவிக்கால வரம்பு போயிற்று. 2018 போராட்டத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 2021 தேர்தலுக்கு முன் போட்டியிட நினைத்த ஏழு பேர் கைது.

அந்த ஆண்டு கைதான இன்னொருவர் ஹியூகோ டோரஸ். 1974 டிசம்பரில் தலைநகர் மனாகுவாவில் ஒரு விருந்து வீட்டுக்குள் புகுந்து, சொமோசாவின் ஆட்களைப் பிணையாகப் பிடித்த குழுவில் இருந்தவர். அந்தப் பிணையாளிகளை விடுவிக்கத்தான், ஏழு வருஷமாகச் சிறையில் கிடந்த ஒர்டேகாவை வெளியே விட்டார்கள். கைதாவதற்கு முன் பதிவுசெய்த வீடியோவில் டோரஸ் இதைச் சொல்லிவிட்டுத்தான் போனார். 2022 பிப்ரவரியில் காவலிலேயே இறந்தார். வயது 73.

எல்லாருமா என்று கேட்கிறீர்கள். ஒர்டேகாவின் துணை அதிபராக இருந்தவர் எழுத்தாளர் செர்ஜியோ ராமிரெஸ். அவரும் அதே நாளில்தான் பதவி இழந்தார். கட்சிக்குள் ஜனநாயகம் கேட்டு, கிடைக்காமல் 1995இல் வெளியேறினார். அடுத்த ஆண்டு அதிபர் தேர்தலில் நின்று ஒரு சதவீதம்கூட வாங்கவில்லை. சரி என்று நாவல் எழுதப் போய்விட்டார். 2023இல் ஒர்டேகா அரசு அவருடைய குடியுரிமையையும் பறித்தது.