பறவைக்கும் கபடிக்கும் ஒரே லென்ஸ் போதுமா?

கேள்வி: சென்னையில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கேனன் 1500டி கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும் வைத்திருக்கிறேன். காலையில் பள்ளிக்கரணையில் பறவைகள், மாலையில் கல்லூரி மைதானத்தில் கபடி என்று எடுத்துப் பழகுகிறேன். பறவை புள்ளியாக விழுகிறது, கபடிப் படங்கள் கலங்கிப் போகின்றன. தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் 55-250 லென்ஸ் வாங்கினால் இரண்டும் சரியாகுமா? பில் வேண்டாம் என்றால் மூவாயிரம் ரூபாய் குறைப்பதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: பறவைக்காக என்றால் தாராளமாக வாங்குங்கள். கபடிக்கு அது கைகொடுக்காது.

கபடியில் உங்களுக்குக் குறைவது தூரம் இல்லை, வெளிச்சம். ரெய்டு போகிறவரின் கை கால் கலங்காமல் விழ, ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது வேண்டும். 55-250 லென்ஸை முழுக்க இழுத்தால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிது, வெளிச்சமும் அதிகம்). மைதான விளக்கில் கேமராவின் வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓ-வை 6400 வைத்தும் அதில் நூறில் ஒரு பங்குதான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஆயிரத்தில் ஒரு பங்கு வந்துவிடும். ஆண்கள் கபடிக் களமே 13-க்கு 10 மீட்டர்தான். கோட்டுக்கு வெளியே உட்கார இடம் கிடைத்தால் 50 தாராளமாகப் போதும். கேனன் லென்ஸ்களில் விலை குறைந்தவற்றில் அதுவும் ஒன்று. அவசரமில்லை, ஒரு போட்டிக்கு வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இப்போது பறவை. 55-250-ல் ஐஎஸ் 2 என்று ஒன்று, ஐஎஸ் எஸ்டிஎம் என்று ஒன்று உண்டு (ஐஎஸ் என்பது கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி, எஸ்டிஎம் என்பது ஃபோகஸ் மோட்டாரின் வகை). பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். எஸ்டிஎம்-மின் ஃபோகஸ் வேகமானது, சத்தமும் குறைவு. பறக்கும் கூழைக்கடாவைத் தொடர அதுதான் வேண்டும். லென்ஸின் மேலேயே எழுதியிருக்கும், படித்துப் பார்த்து வாங்குங்கள். 1500டி-யின் சென்சார் சிறியது என்பதால் அதில் 250 மி.மீ. என்பது, முழு ஃபிரேம் கேமராவில் 400 மி.மீ. தரும் பார்வையைத் தரும். 150-600 லென்ஸ் வேண்டும் என்று யாராவது சொன்னால் இப்போதைக்குக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தக் கனத்தைத் தூக்கிப் பழகுவதே தனி வேலை.

அப்புறம் அந்தப் பில். வேண்டவே வேண்டாம் இந்த மூவாயிரம். பில் இல்லாத பொருள் பெரும்பாலும் அதிகாரப்பூர்வமான இறக்குமதியாக இருக்காது; பழுதானால் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் இலவசமாகப் பார்க்க மாட்டார்கள். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும், அது சட்டம். விற்ற பொருளுக்குப் பில் கொடுக்காமல் இருப்பதையே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. பில்லில் லென்ஸின் சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். பிரச்சினை வந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். அதில் தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்; ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

பட்ஜெட் இடிக்கிறதென்றால் பில் இல்லாத புதியதைவிட, நன்றாகப் பார்த்து வாங்கிய பழைய எஸ்டிஎம் மேல். ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால் பூஞ்சை. சென்னை ஈரத்தில் அது சகஜம், விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். உங்கள் கேமராவில் மாட்டி, அருகிலும் தூரத்திலும் ஃபோகஸ் பிடித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

லென்ஸ் வரும்வரை செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. ஏஐ சர்வோ (நகர்வதைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் முறை) வைத்து, நடு ஃபோகஸ் புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து, டிவி மோடில் (ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் முறை) வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்காக்கி, பகல் வெளிச்சத்தில் நடக்கும் கால்பந்துப் பயிற்சியை எடுங்கள். 1500டி நொடிக்கு மூன்று படம்தான் எடுக்கும், அதனால் பொத்தானைப் பிடித்துக்கொண்டே இருந்து பயனில்லை. பந்து காலில் படும் நேரத்தைக் கணிக்கப் பழகுங்கள்.