நாட்குறிப்பின் மொழி

அன்புள்ள ஐயா,

புடாபெஸ்டின் சங்கிலிப் பாலத்துக்குக் காரணமான இஸ்த்வான் செச்சேனியைப் பற்றிப் படித்தேன். ஹங்கேரிய மொழிக்காகப் பணத்தை அள்ளிக் கொடுத்தவர், தன் நாட்குறிப்பைப் பெரும்பாலும் ஜெர்மனில்தான் எழுதினாராம். அந்தரங்கத்தை வேறொரு மொழியில் எழுதுகிறவரின் மொழிப்பற்றை எப்படி நம்புவது?

ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாக நம்பலாம். செச்சேனி 1791இல் வியன்னாவில் பிறந்த பிரபு வீட்டுப் பிள்ளை. அந்த வட்டாரத்தில் ஜெர்மன் பேசுவதுதான் இயல்பு. ஹங்கேரியிலோ 1844 வரை ஆட்சிமொழியாக லத்தீன் இருந்தது. அப்படி வளர்ந்தவர் 1825 நவம்பரில், இன்று பிராட்டிஸ்லாவா எனப்படும் நகரில் கூடிய ஹங்கேரிய நாடாளுமன்றத்தில் எழுந்து நின்றார். ஹங்கேரிய மொழியை வளர்க்க ஒரு கழகம் அமையுமானால் என் நிலங்களின் ஒரு வருட வருமானத்தைத் தருகிறேன் என்றார். 60,000 ஃபோரின்ட்! ஹங்கேரிய அறிவியல் கழகத்துக்கு அதுதான் விதை.

அப்புறம், அந்த நாட்குறிப்பில் யார் இருக்கிறார் என்றும் பாருங்கள். கிரெசன்ஸ் என்ற ஆஸ்திரியப் பிரபுகுலப் பெண். 1824இல் அவரைச் சந்தித்தபோது அவர் இன்னொருவரின் மனைவி, பிள்ளைகளின் தாய். கணவர் இறந்த பிறகு 1836இல்தான் திருமணம். அதுவரை உருகியது, தன்னையே நொந்துகொண்டது எல்லாம் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. அவருக்குத் தகுதியானவனாக வேண்டும் என்ற தவிப்புதான் செச்சேனியைப் பொதுவேலைக்குள் தள்ளியது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

ஆனால் அவர்மேல் எனக்குள்ள மரியாதைக்குக் காரணம் வேறு. ஸ்லோவாக்கியர், செர்பியர், ருமேனியர் எல்லாரையும் ஹங்கேரியம் பேசவைத்து ஹங்கேரியராக்கிவிட வேண்டும் என்ற வேகம் அப்போது ஏறிக்கொண்டிருந்தது. 1842இல், தான் பணம் கொடுத்து உருவாக்கிய அதே கழகத்தின் மேடையில் நின்று அவர் அதைக் கண்டித்தார். ஒரு மொழியை நாக்கில் ஏற்றிவிட்டால் மட்டும் நெஞ்சு மாறிவிடாது என்பது அவர் வாதம். ஜெர்மனில் காதலித்துக்கொண்டே ஹங்கேரியராக வாழ்ந்தவருக்கு இது தெரியாதா என்ன? தன் மக்களிடமே இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

கூட்டத்துக்கு அது ரசிக்கவில்லை. 1840இல் அவரை ஹங்கேரியரில் மிகப் பெரியவர் என்று போற்றிய அரசியல் தலைவர் கோஷுத்தும் எதிர்ப்பக்கம்தான் நின்றார். 1848இல் ஹங்கேரியில் புரட்சி வெடித்தபோது குரோட்டியரும் செர்பியரும் ருமேனியரும் ஹங்கேரிய அரசுக்கு எதிராகவே ஆயுதம் எடுத்தார்கள்.