முனைவர் பட்டத்துக்குப் பின் ஐரோப்பாவில் ஆய்வு: வாசகர் கேள்வி

கேள்வி: தென்கிழக்காசியாவில் இயங்கிய இடைக்காலத் தமிழ் வணிகக் குழுக்களைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வை சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் முடிக்கப்போகிறேன். இடையில் 14 மாதம் நெதர்லாந்தின் லைடனில் தங்கிப் படித்தேன். சென்ற ஆண்டுதான் திரும்பினேன். முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி கியூரி ஆய்வுநிதி பெற்று மீண்டும் அங்கேயே போகலாமா?
- வாசகி, ஈசூன்

பதில்: இப்போதைக்கு நெதர்லாந்துக்கு முடியாது. அந்த நிதிக்கு, விண்ணப்ப இறுதி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், போகவிருக்கும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவோ படித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. உங்கள் 14 மாதமும் அந்தக் கணக்கில் விழுகிறது. ஆனால் பிரான்ஸிலோ ஜெர்மனியிலோ உங்களைத் தம்மிடம் ஏற்று வழிநடத்தும் பேராசிரியர் (ஏற்பவர்) கிடைத்தால் தாராளமாகப் போடலாம். இறுதி நாளுக்குள் பட்டம் உறுதியாகியிருக்க வேண்டும். வாய்மொழித் தேர்வு எப்போது என்று துறையில் இப்போதே கேட்டு வையுங்கள்.

விண்ணப்பத்தை, உங்களை ஏற்கும் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துதான் போட வேண்டும். இறுதி நாள் வழக்கமாகச் செப்டம்பரில் வரும். ஆகஸ்டில் எழுதினால் அங்கே பலர் விடுமுறையில் இருப்பார்கள். ஏற்பவருக்கு மார்ச்சிலேயே எழுதுங்கள்: ஒரு பக்க ஆய்வுச் சுருக்கம், தன்விவரம், ஏன் அவரிடம் வர விரும்புகிறீர்கள் என்று இரண்டு வரி.

விண்ணப்பத்தின் முக்கியப் பகுதிக்கு 10 பக்கம்தான்; 11ஆம் பக்கத்தை மதிப்பீட்டாளர் படிக்க மாட்டார். நல்ல வரலாற்று ஆய்வுகள் சறுக்குவது இங்கேதான். முதல் மூன்று பக்கம் சோழர் பெருமைக்கே போய்விடும். படிப்பவரோ இடைக்கால வெனிஸை ஆராய்ந்தவராக இருக்கலாம். "சோழர் கடல் வணிகம் சிறப்புற்றிருந்தது" என்றால் அவருக்குப் பிடி கிடைக்காது. சுமத்ராவின் பாருஸில் கிடைத்த, 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டிலிருந்து தொடங்குங்கள். கப்பலில் வருவோர் பொன்னாகச் செலுத்த வேண்டியதை ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் அதில் விதிக்கிறார்கள். அயல் துறைமுகத்தில் ஒரு வணிகக் குழு எந்த அதிகாரத்தில் வசூலித்தது? இந்தக் கேள்வி வெனிஸ் படித்தவரையும் உடனே பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு, எந்த மாதம் எந்தச் சாசனம், எந்த நூலகம் என்று அட்டவணை கொடுங்கள்.

ஜெர்மனிக்கு ஹம்போல்ட் ஆய்வுநிதியும் உண்டு. அதற்கும் ஏற்பவரின் உறுதிக்கடிதம் வேண்டும். பிரிட்டனின் லெவர்ஹியூம் ஆய்வுநிதிக்கு பிரிட்டிஷ் பட்டமோ பிரிட்டனில் கல்விப்பணியோ இருந்தாக வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

மேரி கியூரி விண்ணப்பத்தின் இறுதி நேரம் பிரஸ்ஸல்ஸில் மாலை 5 மணி என்றால், செப்டம்பரில் சிங்கப்பூரில் நமக்கு இரவு 11. கடைசி நேரத்தில் விண்ணப்ப இணையத்தளம் திணறக்கூடும். இரண்டு நாள் முன்பே ஒருமுறை பதிவேற்றிவிடுங்கள். இறுதி நேரம் வரை திருத்திப் புதிய படியை ஏற்றலாம்.