காலடியில் சுடுகிறதே! – வாசகர் கேள்வி, குழாய்க்காரர் பதில்

கேள்வி: மதுரையிலிருந்து வந்து, டெக்சாஸில் டாலஸ் பக்கம் மகள் வீட்டில் தங்கியிருக்கிறேன். 1980களில் கட்டிய வீடு. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே உள்ள நடையில் ஓரிடத்தில் மட்டும் டைல்ஸ் வெதுவெதுவென்று இருக்கிறது. வெறுங்காலோடு நடப்பவள் நான் ஒருத்திதான், அதனால் முதலில் யாரும் நம்பவில்லை. இப்போது தண்ணீர் பில், கேஸ் பில் இரண்டும் ஏறிவிட்டன. வந்து பார்த்த பிளம்பர், "ஸ்லாபுக்கு, அதாவது வீடு உட்கார்ந்திருக்கும் கான்கிரீட் தளத்துக்கு, அடியில் செம்புக் குழாய் ஓட்டை, தரையை உடைத்துத்தான் ஆக வேண்டும்" என்கிறார். மருமகன் சரி சொல்லும் முன் உங்களைக் கேட்கிறேன்.
– ஒரு வாசகி

பதில்: அம்மா, மருமகனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். உங்கள் கால் பிடித்தது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், ஆனால் சுத்தியலுக்கு முன்னால் தண்ணீர் மீட்டரைக் கேட்க வேண்டும். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடுங்கள். ஐஸ் மெஷின், தோட்டத் தெளிப்பான் எதுவும் ஓடக்கூடாது. அப்புறம் தெருவோரத்தில் மீட்டர் பெட்டியின் மூடியைத் தூக்குங்கள். சட்டென்று கையை உள்ளே விட்டுவிடாதீர்கள், அந்த ஊர் பெட்டிகளில் விஷச் சிலந்தியும் கடிக்கிற செவ்வெறும்பும் குடியிருக்கும். மீட்டர் முகத்தில் பெரும்பாலும் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும். அது சுற்றிக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

அடுத்து, வாட்டர் ஹீட்டரை 'பைலட்' நிலைக்கு (சின்னச் சுடர் மட்டும் எரியும் நிலை) குறைத்துவிட்டு, அதற்குள் போகும் குளிர்ந்த தண்ணீர்க் குழாயின் வால்வை மூடுங்கள். முக்கோணம் நின்றுவிட்டால் ஒழுகல் சுடுதண்ணீர்ப் பக்கம்தான். நிற்காவிட்டால் வேறு இடம் தேட வேண்டும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு: குழாயைத் திறந்தவுடன் சுடுதண்ணீர் வருவதற்காகச் சிலர் சிங்க்குக்கு அடியில் ஓர் இணைப்பு வால்வு மாட்டியிருப்பார்கள். அதன் வழியாகக் குளிர்ந்த தண்ணீர் சுடுகுழாய்க்குள் ஏறி, உங்கள் சோதனையை ஏமாற்றும். அதையும் மூடிவிட்டுப் பாருங்கள்.

ஒழுகல் சுடுதண்ணீர்ப் பக்கம் என்று தெரிந்தால், வேலை ஆகும்வரை அந்த ஹீட்டர் வால்வு மூடியே இருக்கட்டும். குளிர்ந்த தண்ணீர் வழக்கம்போல வரும், குளிக்க அடுப்பில் காய்ச்சிக்கொள்ளலாம். இதில் அலட்சியம் வேண்டாம். வட டெக்சாஸ் மண் நம் கோவில்பட்டிக் கரிசலின் பங்காளி: நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். ஸ்லாபுக்கு அடியில் ஒரே இடத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தால் அந்த இடம் மேலே தூக்கும். கதவு நிலையில் இடிக்கும், டைல்ஸ் கீறும்.

சுடுதண்ணீர்க் குழாய் மட்டும் ஏன் முதலில் போகிறது என்று மருமகன் கேட்பார். 30 மீட்டர் செம்புக் குழாய் 40 டிகிரி செல்சியஸ் சூடேறினால் 2 சென்டிமீட்டர் நீளும், ஆறினால் சுருங்கும். பாத்திரம் கழுவும்போதெல்லாம், குளிக்கும்போதெல்லாம், குழாய் கான்கிரீட் விளிம்பிலும் கல்லிலும் உரசுகிறது. நாற்பது வருஷம் அப்படி உரசினால் எந்தச் செம்பு தாங்கும்? தண்ணீர் அழுத்தம் 80 பி.எஸ்.ஐ.க்கு (அங்கே அழுத்தத்தை அளக்கும் அலகு) மேல் இருந்தால் தேய்மானம் இன்னும் சீக்கிரம். அதையும் ஒரு கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு, தேவையானால் அழுத்தம் குறைக்கும் வால்வு போடச் சொல்லுங்கள்.

இப்போது உடைக்கிற விஷயம். என் கருத்தில், அந்த வயதுக் குழாயில் ஓட்டை விழுந்த இடத்தை மட்டும் உடைத்து ஒட்டுப்போடுவது காசைக் கரைக்கிற வேலை. அதே குழாய், அதே உரசல். இன்று இங்கே என்றால் நாளை இரண்டடி தள்ளி. தரைக்கடியில் போகும் அந்தச் சுடுகுழாயை இரு முனையிலும் அடைத்துக் கைவிட்டுவிட்டு, சுவருக்குள்ளும் மேலேயும் பெக்ஸ் எனும் வளையும் பிளாஸ்டிக் குழாயில் புது வழி எடுக்கச் சொல்லுங்கள். சுவரில் சில ஓட்டைகள் விழும், ஜிப்சம் பலகைதான், அடைத்து வண்ணம் பூசிவிடலாம்.

மேலே என்றவுடன் பரணில் குழாயை அப்படியே கிடத்திவிடுவார்கள். 2021 பிப்ரவரிக் குளிரில் டெக்சாஸில் எத்தனையோ வீடுகளில் குழாய் வெடித்துக் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதனால் பரணில் விரித்திருக்கும் வெப்பக் காப்புக்கு அடியில், வீட்டின் சூடு படுகிற பக்கம் குழாய் போக வேண்டும். அதற்கு மேல் உறையும் போட வேண்டும். இதை வேலைக்கான விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள்.

அப்படியும் உடைக்கத்தான் வேண்டும் என்று பிளம்பர் நின்றால், கராஜ் தரையைப் பாருங்கள். 'வெட்டாதே, துளையிடாதே' என்ற முத்திரை இருந்தால் அது இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள் ஓடும் ஸ்லாப். ஒவ்வொரு வடத்திலும் சுமார் 13 டன் இழுவிசை. முத்திரை இல்லையென்றாலும் வடம் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஸ்கேன் செய்து இடம் பார்க்காத ஆளைச் சுத்தியலோடு உள்ளே விடாதீர்கள்.

இன்ஷூரன்ஸ்காரரிடம் வேலைக்கு முன்பே பேசிவிடுங்கள். பல பாலிசிகள் குழாயைப் பழுதுபார்க்கும் செலவைக் கொடுக்காது. ஆனால் குழாயை எட்ட உடைப்பதற்கும், நனைந்து கெட்டதற்கும் கொடுப்பதுண்டு. மாதக்கணக்காக ஒழுகியது என்றால் கையை விரிப்பார்கள். நீங்கள் சூட்டை முதலில் கவனித்த நாளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோவையில் தரைத்தள வீடு. கீசரிலிருந்து சமையலறைக்குத் தரைக்கடியில் குழாய் போகிறது. சுவரின் அடிப்பட்டையில் ஓதம், வெள்ளையாக உப்புப் பூக்கிறது. டைல்ஸ் இடுக்கில் கெமிக்கல் ஊற்றினால் போதும் என்கிறார் மேஸ்திரி.
– இன்னொரு வாசகர்

பதில்: போதாது சார். அழுத்தத்தோடு வருகிற தண்ணீரை மேலே பூசுகிற எதுவும் நிறுத்தாது. கீசருக்குக் கரண்டை அணைத்து, அந்தக் குழாயை மட்டும் தனியாகப் பிரித்து, கையால் அடிக்கும் பிரஷர் பம்பை மாட்டி கேஜைப் பாருங்கள். முள் இறங்கினால் குழாய்தான். இறங்காவிட்டால் குளியலறை வடிகாலைச் சந்தேகப்படுங்கள். குழாய்தான் என்றால் தரையை விட்டுவிட்டுச் சுவர் மேல் சி.பி.வி.சி. குழாய் (சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்) எடுங்கள். ஒட்டுகிற பசையும் சி.பி.வி.சி.க்கு உரியதாகவே இருக்க வேண்டும். மேஸ்திரி சாதாரண பி.வி.சி. டப்பாவைத் திறந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.